தங்கள் வண்டி மேடேறிய விவரம்

அன்புக்கும் அதைவிட முக்கியமாகப் பொறுமைக்கும் பேர்போன என் அருமை மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே கப்பலில் நீங்களும், உங்கள் இன்ஜின் அறையும், அலையும் காற்றும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் பிக்கப் வண்டியும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் கடிதத்தின் நடுவில் உங்களுக்கு இந்த விஷயத்தில் சந்தேகம் வரலாம். வரும்போதெல்லாம் மேலே வந்து இந்த வரியை ஒரு முறை படித்துக்கொள்ளவும்.

புறப்படும் அன்று சாவியை என் கையில் வைத்து இரண்டு விஷயம் சொன்னீர்கள். "அத்தான், வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுங்க, அது போதும். அக்கா கையில மட்டும் சாவியைக் குடுத்துடாதீங்க." இரண்டாவது விஷயத்தின் காரணம் எனக்குத் தெரியும். உங்கள் முதல் காரை ஓட்டிப் பழகப் போன உங்கள் அக்கா, பஸ் ஸ்டாப்பின் கூரையோடு வீடு வந்து சேர்ந்ததை நம் குடும்பத்தில் யார் மறப்பார்கள்? அதனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். முதல் விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகப் பொருள் கொண்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகளுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, பெண் குழந்தை பிறந்த செய்தி போனில் வந்திருக்கும். மலைமேல் இருக்கும் அவள் வீட்டுக்குப் போகும் பாதை மழையில் அரித்துப் போனதால் உங்கள் அக்கா பேத்தியைப் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் குழந்தை பாதி நேரம் கன்னமாகவும் மீதி நேரம் வீட்டுக் கூரையாகவும் தெரிகிறது. இதற்கிடையில் மகளின் விடுமுறை முடிகிறது, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை விடிந்தால் நாற்றுப் பண்ணைக்குப் போய்விடுவார். சம்மந்தி தனியாள். அவர் குழந்தையைத் தூக்கினால் நாற்றுத் தொட்டியைத் தூக்குவது போல் கக்கத்தில் இடுக்குகிறாராம். "அம்மா ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலேன்னா நான் வேலையை விட்டுடறேன்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருஷம் விழுந்து விழுந்து படித்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகம் வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே.

சம்மந்தி நல்லவர்தான். அவரே போன் செய்தார். "கவலையே படாதீங்க சம்மந்தி. நம்ம ஜீப்பு நாலு சக்கரமும் இழுக்கும். நானே வந்து ஏத்திக்கிட்டுப் போறேன். உங்க வண்டி, பாவம், அதுக்குப் பின்னாடி ரெண்டு சக்கரம்தானே வேலை பாக்குது." அந்தப் 'பாவம்' என்ற சொல்லைச் சம்மந்தி உச்சரிக்கும் விதத்தை நீங்கள் நேரில் கேட்க வேண்டும். தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வார். போனிலேயே அந்தச் சாய்வு எனக்குக் கேட்டது. என் வண்டியைச் சொல்லியிருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். என் மைத்துனர் வண்டியைச் சொன்னால் பொறுக்க முடியுமா? "நாங்க எங்க வண்டியிலேயே வந்து இறங்கறோம் சம்மந்தி, நீங்க வாசல்ல நின்னு பாருங்க" என்று வாயை விட்டுவிட்டேன்.

உங்கள் அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "வீம்புக்கு வாயை விட்டாச்சு. சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் பேத்தி என் மடியில இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

மேலே ஏறுவது என்ற விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி நம் குடும்பத்தில் கிடையாது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். லிஃப்ட் ஏறாவிட்டால் என்ன நடக்கும்? மணி அடிக்கும். 'அதிக எடை, ஒருவர் இறங்கவும்' என்று விளக்கு எரியும். எல்லோரும் ஒரு குண்டான ஆளைப் பார்ப்பார்கள். அவர் பார்வையைத் தாங்காமல் இறங்குவார். லிஃப்ட் ஏறிவிடும். என் உத்தியோகம் முழுவதும் நான் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்: ஏறவில்லையா, எடையைக் குறை. இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன்.

அந்த ஒர்க்‌ஷாப்காரரை ஊரே 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுகிறது. ஆள் நல்ல உற்சாகி. எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார், முடியுமா என்று யோசிக்கவும் மாட்டார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சார், முன்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தள்ளறதெல்லாம் பின்சக்கரம்தான். ஆசைப்பட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துடலாம்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

முதலில் டயர். சேற்றைக் கவ்விப் பிடிக்கும் பெரிய பல் வைத்த டயர் நாலு போட்டோம். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஒரே சங்கடம், வலது பக்கம் திரும்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அதனால் அன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, ஊரைப் பாதி சுற்றி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஸ்பேனர் மட்கார்டைக் கொஞ்சம் நறுக்கிவிட்டார். நகம் வெட்டுவது போலத்தான், பயப்பட வேண்டாம். பிறகு பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்து, முன்பக்கத்துக்கும் முட்டுக்கொடுத்து வண்டியைத் தூக்கினோம். பாறை இடிக்கக் கூடாதல்லவா? பாறை இடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கூரையில் இடித்தது. உங்கள் அக்கா ஏறி உட்காரச் சமையலறை முக்காலி தேவைப்பட்டது. அவள் ஏறியதும் முக்காலி ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க நான் இறங்க, எனக்கு மறுபடி ஏற முக்காலி தேவைப்பட, இப்படியே கொஞ்ச நேரம் போனது.

இன்ஜினுக்கு அடியில் கல் படாமலிருக்க ஒரு இரும்புத் தகடு வேண்டும் என்றார் ஸ்பேனர். நான் வேலை பார்த்த கட்டிடத்தில் கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் கதவு ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்து, வெட்டி, அடியில் பொருத்திவிட்டோம். வேலை கச்சிதம். 'தயவுசெய்து கதவில் சாயாதீர்கள்' என்ற எழுத்து மட்டும் அழியவில்லை. தரையைப் பார்த்துத்தானே இருக்கிறது, யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது வின்ச். கையால் சுற்றினால் கம்பிக் கயிறு சுருளும். கயிற்றின் மறுமுனையை மரத்தில் கட்டிச் சுற்றினால் வண்டி தானாக மரத்தை நோக்கி நகரும். ஒத்திகை பார்க்க எங்கள் தெருவில் மரம் இல்லை. எதிர்வீட்டு வக்கீலின் இரும்புக் கேட்தான் இருந்தது. நான் சுற்றினேன். வண்டி நகரவில்லை. வக்கீல் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

"சார், என் கேட் உங்க வீட்டுக்கு வருதே?" என்றார்.

"கொஞ்ச நேரத்துல திருப்பி அனுப்பிடறேன் சார்" என்றேன். அனுப்பியும் விட்டேன். இப்போது அது முன்பைவிட நன்றாகவே மூடுகிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு என் சொந்தத் திறமைக்கு வந்தேன். எடைக் குறைப்பு. ஸ்டெப்னியை இறக்கினேன். ஜாக்கி, கருவிப் பெட்டி, தரை விரிப்பு, ரேடியோ, பின்கதவு எல்லாவற்றையும் கழற்றினேன். புதிதாகப் போட்ட வின்ச் நல்ல கனம், அதையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். கடைசியில் டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் சீட்டின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் நிழல் விழுந்தது.

"அப்ப நான் எங்க உக்காரறது?" என்றாள் உங்கள் அக்கா.

"நீ அடிவாரம் வரைக்கும் வேற வண்டியில வந்துடு. முதல்ல இது லேசா மேல ஏறிடட்டும்."

"இது மட்டும் மேல போயி என் பேத்தியைத் தாலாட்டுமா?"

அவளுடைய சாமான்களுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. இரும்புக் காலோடு கூடிய அந்தத் தையல் மெஷின், மகள் படுத்து வளர்ந்த மரத்தொட்டில், இரண்டு டிரங்க் பெட்டி, ஒரு இரும்புக் கட்டில். சொல்லுங்கள், இதையெல்லாம் எந்த லிஃப்டில் ஏற்றுவார்கள்? "என் சாமானை நான் பாத்துக்கறேன், நீங்க உங்க வண்டியை மட்டும் ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு, சரக்கு ஆட்டோ ஒன்றைப் பிடித்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடிவாரத்து டீக்கடை. சரக்கு ஆட்டோக்காரர் சாமானை இறக்கிப் போட்டுவிட்டு, பாதையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அங்கே வெள்ளைச் சட்டையும் குடையுமாகச் சம்மந்தி நின்றுகொண்டிருந்தார். நடந்தே இறங்கி வந்திருக்கிறார். "ஜீப் எங்க சம்மந்தி?" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முன் ஆக்ஸில் போயிடுச்சு சம்மந்தி. ஒர்க்‌ஷாப்ல நிக்குது" என்றார். நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "பாவம்" என்றேன். மைத்துனரே, உங்களுக்காக அந்த ஒரு சொல்லை நான் ரசித்து ரசித்துச் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வண்டியை எடுத்தேன். முதல் மேட்டில் பாதி ஏறியது. பிறகு பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. வண்டி முன்னே போகவில்லை, சேறு மட்டும் பின்னே போனது. போன சேறு நேராகச் சம்மந்தியின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. அப்புறம் வண்டி அப்படியே பின்பக்கமாக வழுக்கி, இறங்கி, டீக்கடை வாசலில் வந்து நின்றது. இரண்டாவது முறை டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் கூடுதலாகப் போய், கொஞ்சம் வேகமாகத் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை வண்டி வழுக்கி வந்து, டீக்கடைக்கு எதிரே குறுக்காகத் திரும்பி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. டீக்கடையில் இருந்த ஒருவர் குனிந்து, வண்டியின் வயிற்றில் இருந்ததை உரக்கப் படித்தார். "தயவுசெய்து கதவில் சாயாதீர்கள்." கடையே சிரித்தது. என் மானம் கப்பலேறியது. ஏறியது உங்கள் கப்பலாக இருந்தால் கொஞ்சம் விசாரித்து வைக்கவும்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். பின்னால் குழந்தை வீறிட்டு அழும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, எங்கம்மா வந்துட்டீங்க?" என்றாள். உங்கள் அக்கா, "இதோ கீழதான்டி இருக்கோம், வந்துட்டோம்னு வெச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஜீப்பும் தெரியவில்லை, சம்மந்தியும் தெரியவில்லை. என் ஒருவன் வீம்பினால் என் பெண் வேலையை விடப் போகிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது, மழை வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆமாம், மழை பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் நனைந்தால் துருப்பிடிக்கும் என்று உங்கள் அக்கா கத்த, கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து மெஷினையும், கட்டிலையும், தொட்டிலையும், பெட்டிகளையும் தூக்கி உங்கள் வண்டியின் பின்பக்கத் தொட்டியில் வைத்துத் தார்ப்பாயை மூடினார்கள். மூடிய தார்ப்பாய்க்கு அடியில் சம்மந்தியும் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய குடை ஏற்கனவே காற்றில் போய்விட்டது. அவர் நல்ல கனமான மனிதர். கூடவே டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.

உங்கள் அக்கா மட்டும் நனைந்துகொண்டே பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இவ்வளவு நேரம் நின்ன இடத்துலயே வழுக்கிக்கிட்டு இருந்த வண்டி இப்ப அசையாம நிக்குது, பாத்தீங்களா?"

"அதிக எடை, அதான்" என்றேன். பழக்கதோஷம்.

"அதேதாங்க நான் சொல்றேன். தையல் மெஷின்ல துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி வெச்சுட்டு நாள் பூரா மிதிச்சாலும் கீழ இருக்கற பல்லு சும்மாத்தான் ஓடும். துணி ஒரு தையல் நகராது. அமுக்கினாத்தான் பல்லு துணியைப் பிடிக்கும். இது லிஃப்ட் இல்லீங்க, மேலேர்ந்து யாரும் கயிறு போட்டு இழுக்கல. நீங்க பல்லை மட்டும் பெருசு பெருசா வாங்கிப் போட்டுட்டு, அமுக்கறதையெல்லாம் கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்திருக்கீங்க!"

மழையில் நின்றபடி யோசித்துப் பார்த்தேன். என் உத்தியோகம் முழுவதும் இறக்கிவிட்ட குண்டு மனிதர்கள் எல்லோரும் என் கண் முன்னால் வரிசையாக வந்து போனார்கள். அத்தனை பேரும் இங்கே இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

"எல்லாரும் ஏறுங்க!" என்றாள் உங்கள் அக்கா. டீக்கடைக்காரரே கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினார். பின்சக்கரத்துக்கு நேர் மேலே எல்லோரும் நெருக்கி உட்கார வேண்டும் என்று உத்தரவு. அவரவர் அவரவர் இடத்தில் அமர்ந்தோம். வண்டி கிளம்பியது.

ஏறியது மைத்துனரே! உறுமிக்கொண்டு, ஆடிக்கொண்டு, ஏறியது! டீக்கடை சின்னதாகிக்கொண்டே போனது. சக்கரம் பதித்த தடம் வெட்டி வைத்தது போல எங்களுக்குப் பின்னால் நீண்டது. முதல் வளைவைத் தாண்டியதும் நான் என்னையறியாமல் "முதல் மாடி!" என்று கத்தினேன். அடுத்த வளைவில் எல்லோரும் சேர்ந்து "ரெண்டாம் மாடி!" என்று கத்தினார்கள். ஓரிடத்தில் சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "குதிங்க!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. சம்மந்தி தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார், எல்லோரும் குதித்தோம், பல் மண்ணைக் கவ்வியது, வண்டி மேட்டைத் தாண்டியது. "சம்மந்தி, உங்க வண்டியைப் பாவம்னு சொன்னேன், வாபஸ் வாங்கிக்கறேன்!" என்று சம்மந்தி சிரித்துக்கொண்டே கத்தினார். நானும் என்னுடைய 'பாவ'த்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். சேறு பூசிய அவரைக் கட்டிக்கொண்டதில் என் சட்டையும் போனது.

வாசலில் மகள் குழந்தையோடு நின்றாள். உங்கள் அக்கா ஒரே ஓட்டமாக ஓடி, ஈரக் கையைத் துடைக்க இடமில்லாமல் மகள் தோளிலேயே துடைத்துவிட்டு, பேத்தியை வாங்கிக்கொண்டாள். போனில் கூரையாகத் தெரிந்தது நேரில் முழுக் குழந்தையாக இருந்தது. வீறிட்டுக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்திவிட்டு அவள் மூக்கைப் பிடித்தது. அப்புறம் என் கையில் கொடுத்தார்கள். மைத்துனரே, நான் எத்தனையோ எடையைக் கணக்குப் பார்த்தவன். இவ்வளவு லேசான ஒன்று இவ்வளவு கனமாக இருந்து நான் பார்த்ததில்லை. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது. திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடம் போனாள்.

ஆகவே நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். அடுத்த வாரமே வண்டியைக் கீழே இறக்கி, சீட்டு, பின்கதவு, ஸ்டெப்னி, ரேடியோ எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, மட்கார்டை வளர்த்து, நீங்கள் வந்து இறங்கும்போது விட்டுப் போன கோலத்திலேயே வாசலில் நிறுத்திவைப்பேன். உங்கள் இரண்டாவது கட்டளையைப் பொறுத்தவரை, சாவியை நான் உங்கள் அக்கா கையில் கொடுக்கவே இல்லை என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடவும். ஈரத் துணியோடு தூங்க வேண்டாம். உங்கள் கடலெல்லாம் அமைதியாகவும், உங்கள் இன்ஜினெல்லாம் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகவும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சம்மந்தி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் அத்தான்

பின்குறிப்பு: டேய் தம்பி, அக்கா எழுதறேன். அத்தான் கவரை ஒட்டப் பசை தேடிப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதிடறேன். சாவியை அவர் என் கையில குடுக்கல, வாஸ்தவம்தான். சாவி வண்டியிலேயே இருந்துது. மூணாவது தடவை வழுக்கினதும் இறங்கினவர் மறுபடி ஸ்டியரிங் பக்கமே போக மாட்டேன்னுட்டார். இருந்தது ஒரே சீட்டு, நான் ஏறி உக்காந்துட்டேன். அடிவாரத்துலேர்ந்து வாசல் வரைக்கும் ஓட்டினது நான். "குதிங்க"ன்னு கத்தினதும் நான்தான். உன் அத்தான் பின்னாடி கட்டிலுக்கும் சம்மந்திக்கும் நடுவுல உக்காந்து மாடி எண்ணிக்கிட்டு வந்தார். அங்க இருந்ததுலயே சம்மந்திக்கு அடுத்த நல்ல எடை அவர்தான், குறை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப் கூரையை நெனச்சு நீ பயப்படாதே, இந்த மலையில பஸ்ஸே கிடையாது. வண்டி அடுத்த வாரம் இறங்காது, இங்கயேதான் இருக்கும். நம்ம பொண்ணை தினமும் பள்ளிக்கூடத்துல கொண்டு போயி விடறது நான்தான், சம்மந்தியும் அத்தானும் பேத்தியை யாரு வெச்சுக்கறதுன்னு சண்டை போடறாங்க, தோத்தவர் பின்னாடி ஏறிக்கறார். நீ லீவுல நேரா இங்க வந்துடு. வரும்போது நல்லா சாப்பிட்டு கொஞ்சம் குண்டாவே வாடா, மழை இன்னும் விடல.